பாரத்துக்கு வைத்த மண்

என் மகள் இப்போது பக்கத்து அறையில் படித்துக்கொண்டிருக்கிறாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் என்னால் மேற்கொண்டு எழுத முடியாது. பேனாவை எடுப்பதற்கு முன்புகூட எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தேன். "என்னாம்மா?" என்றாள். "ஒண்ணும் இல்ல, ஜன்னல் சாத்தியிருக்குதான்னு பாத்தேன்" என்றேன். ஜன்னல் சாத்தித்தான் இருந்தது.

அவள் ஏரியில் மூழ்கிப் போகவிருந்த கதையை எங்கள் உறவுக்காரர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள். கடற்கரையில் பிறந்த ஒரு மனிதர், வயதுக்கேற்ற புத்தியில்லாமல், மழையிலும் பனியிலும் பெண்டாட்டியையும் பெண்ணையும் படகில் ஏற்றிக்கொண்டு போனார். படகின் பாய் மேலே விழுந்து, பெண் அதன் அடியில் மாட்டிக்கொண்டாள். ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து திட்டக்குடி வரை இதுதான் பேச்சு. பாயின் அடியில் மாட்டிக்கொண்டது உண்மை. பாய் ஏன் விழுந்தது என்று யாரும் கேட்பதில்லை. படகு கவிழ்ந்ததால் விழுந்தது. படகு கவிழ்ந்தது என்னால்.

அறுபதுகளின் கடைசியில் விருத்தாசலம் செராமிக் பேட்டையில் எங்களுக்கு ஒரு சிறிய ஷெட்டு கிடைத்தது. என் கணவர் ஒரு பெரிய கம்பெனியின் பேக்கிங் பகுதியில் இருந்தார். மின்கம்பத்தில் மாட்டுகிற பீங்கான்களை வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடைத்து ரயிலுக்கு அனுப்புகிற வேலை. ஷெட்டைப் பார்த்துக்கொண்டது நான். பள்ளிப் படிப்பு முடித்துப் பீங்கான் வேலையில் பயிற்சியும் எடுத்திருந்தேன். நாங்கள் செய்தவை பொம்மைகள்: வாத்து, நாய்க்குட்டி, குடை பிடித்த பெண். களிமண்ணைத் தண்ணீரில் கரைத்துக் கூழாக்கி பிளாஸ்டர் அச்சில் ஊற்றுவோம். அச்சு தண்ணீரைக் குடித்த பிறகு திறந்தால் உள்ளே வெள்ளையாக, வெறும் கூடாக ஒரு பொம்மை இருக்கும்.

அந்தக் கூழுக்கு ஸ்லிப் என்று பெயர். அதில் சிலிக்கேட் என்கிற மருந்தைக் கொஞ்சம் விடுவோம். விட்டால் கெட்டியாகக் கிடக்கிற மண் துளித் தண்ணீரிலேயே நெகிழ்ந்து மோர் மாதிரி ஓடும். மண்ணைத் தண்ணீராக நடந்துகொள்ள வைக்கிற வித்தை அது. புதிதாக வேலைக்கு வருகிற பெண்களுக்கு முதலில் நான் காட்டுவது இதைத்தான். உடைந்த பொம்மைகளும் அச்சு ஓரத்தில் வழித்த துண்டுகளும் காய்ந்த பிறகு, அவற்றைப் பொடித்து மூட்டை கட்டி வைப்போம். மறுபடி கரைத்தால் மறுபடி ஸ்லிப். அந்தப் பொடியிலும் சிலிக்கேட் இருக்கும். இவ்வளவும் எனக்குத் தெரியும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

நான் பயந்தவள். பிறவியிலேயே அப்படியா, மகள் பிறந்த பிறகு அப்படியா என்று நினைவில்லை. பள்ளிக்கூடத்துக்கு அவள் ரயில்வே கேட்டைக் கடந்து போக வேண்டியிருந்த வருஷங்களில், கேட்டு மூடுகிற மணி கேட்டால் கையில் உள்ள அச்சை அப்படியே கீழே வைத்துவிடுவேன். மணிமுத்தாற்றில் வெள்ளம் வருகிறது என்று யாராவது சொன்னால், ஆற்றுக்கு இந்தப் பக்கமே இருக்கிற கல்லூரிக்கு அவளை அனுப்பமாட்டேன். அவள் கோபித்துக்கொண்டதில்லை. சாயங்காலம் வந்ததும் ஷெட்டின் வாசலில் உட்கார்ந்து அன்று நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்வாள். யார் யாரோடு பேசவில்லை, எந்த லெக்சரர் கரும்பலகைக்கே பாடம் நடத்துகிறார், எல்லாம். சொல்லிவிட்டால் அம்மா பயப்படமாட்டாள் என்று கண்டுபிடித்து வைத்திருந்தாள். எங்களுக்குள் இருந்த ஒப்பந்தம் மாதிரி அது.

அவள் பி.யூ.சி. படித்த வருஷம் அவள் அப்பா படகைக் கொண்டுவந்தார். பரங்கிப்பேட்டையில் அவருடைய சித்தப்பா வீட்டுப் பின்னால் கவிழ்த்துப் போட்டிருந்த பழைய தோணி அது. வாடகைக்குக்கூட யாரும் எடுக்கவில்லை என்று சொல்லி, கம்பெனி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து எங்கள் ஷெட்டின் பின்பக்கம் இறக்கினார். கடல் முப்பது மைலுக்கு அந்தப் பக்கம். பேட்டையே வந்து பார்த்துவிட்டுப் போனது. பக்கத்து ஷெட்டு அம்மாள், "என்னாங்க, மழ வந்தா மொதல்ல உங்க குடும்பந்தான் தப்பிக்கும் போலிருக்குது" என்றார்.

அப்பாவும் மகளும் ஞாயிற்றுக்கிழமைகளில் அதைச் செப்பனிட்டார்கள். செத்த பலகைகளை எடுத்துவிட்டுப் பேக்கிங் பெட்டிப் பலகைகளை அடித்தார்கள். குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பஞ்சில் தோய்த்து இடுக்குகளில் திணித்தார்கள். பாய்க்குத் துணி கிடைத்தது கம்பெனிக் கழிவில். களிமண்ணைப் பிழிந்து தண்ணீரை வெளியேற்றுகிற மெஷினில் போடும் தடித்த கித்தான் அது. எத்தனை தடவை துவைத்தாலும் மண் வாசனை போகவில்லை. நூலிழைகளுக்குள் மண் ஏறி இறுகியிருந்ததால் காற்று ஊடே போகாது, நல்லதுதான் என்றார் என் கணவர். மகள் அதைக் கையாலேயே மடித்துத் தைத்தாள். தைத்து முடித்த அன்று எனக்கு அவளைப் பார்க்கவே பயமாக இருந்தது. அவ்வளவு சந்தோஷம்.

மார்கழியில் திட்டக்குடிப் பக்கத்து வெலிங்டன் ஏரி நிறைந்திருந்தது. கம்பெனி லாரி ஒன்று காலியாக அந்த வழியே போகிறது, படகை இறக்கிவிட்டுப் போகும் என்று ஏற்பாடு ஆயிற்று. அதற்கு முந்தின சாயங்காலம் ஷெட்டின் பின்னால் நாங்கள் பேசிய பேச்சு எனக்கு வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது.

"காலித் தோணி காத்துக்கு நிக்காதுன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றேன்.

"சொன்னேன். அடிப்பாரத்துக்கு நாலஞ்சு கல்லப் போட்டா போதும்."

"கல்லு உருண்டு பலகைய ஒடைச்சுதுன்னா?"

"உருளாத மாதிரி கட்டிடலாம்டி."

"கட்டு அவுந்துதுன்னா?"

அவர் மகளைப் பார்த்தார். அவள் சிரித்தாள். "அம்மாகிட்ட ஆயிரம் 'அவுந்துதுன்னா' இருக்குதுப்பா. ஒண்ணத் தீத்தா இன்னொண்ணு எடுக்கும். நீங்க ஒத்துக்கிட்டா சீக்கிரம் சாப்பிடப் போவலாம்."

"மண்ணு மூட்ட போடலாம்" என்றேன். "கல்லு மாதிரி உருளாது. போட்ட எடத்துல படுத்துக் கெடக்கும். இல்லன்னா இவள ஏத்த மாட்டேன்."

என் கணவர் கையைத் துடைத்துக்கொண்டார். "கடலப் பத்தின்னா நான் பேசுவேன். மண்ணப் பத்தி நீ சொன்னா அப்பறம் நான் என்னா பேசறது? உன் டிபார்ட்மெண்ட்டு" என்றார்.

ஷெட்டிலிருந்து காய்ந்த பொடி மூட்டைகளை நானே பார்த்துப் பார்த்து எடுத்தேன். மழை பெய்தால் நனையக்கூடாது என்று மேலே போட்டு மூட ஒரு தார்ப்பாயும் எடுத்துக்கொண்டேன். மேலேயிருந்து வருகிற தண்ணீரைப் பற்றி அவ்வளவு யோசித்தவள் நான்.

மறுநாள் விடிந்து லாரி ஏரிக்கரையில் நின்றபோது ஏரி இல்லை. கரை இருந்தது, கரையில் சில பனைமரங்கள் இருந்தன, அதற்கப்பால் வெள்ளை. நாலைந்து நாளாக விட்டுவிட்டுப் பெய்த மழை அப்போது தூறலாக இருந்தது. அதன்மேல் பனி படுத்திருந்தது. லாரி டிரைவரும் கிளீனரும் படகைத் தள்ளிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்கள். மதகுப் பக்கம் காவலிருந்த லஸ்கர் குடையோடு வந்து நின்று நாங்கள் மூட்டைகளை அடுக்குவதைப் பார்த்தார்.

"என்னாங்க இது, சிமிட்டியா?"

"மண்ணுங்க" என்றாள் என் மகள்.

"ஏங்க, ஏரியில மண்ணு பத்தலன்னா விருத்தாசலத்துலேர்ந்து கொண்ணாந்தீங்க?"

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். பனி விலகட்டும் என்று நான் சொன்னதற்கு, காற்று கிளம்பினால் அதுவே விலகிவிடும் என்றார் என் கணவர். ஓரமாகவே ஒரு சுற்று, அவ்வளவுதான். பயமாக இருந்தால் என்னைக் கரையிலேயே நிற்கச் சொன்னார். கரையில் நின்றுகொண்டு ஒன்றும் தெரியாத வெள்ளையைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட உள்ளே உட்காருவது மேல் என்று ஏறிக்கொண்டேன். இரண்டு பக்கமும் மூட்டைகள், நடுவில் நான், நானும் ஒரு மூட்டையாக. பின்னால் சுக்கானைப் பிடித்து மகள். பாயின் கயிற்றைப் பிடித்து அவள் அப்பா.

கொஞ்ச நேரத்தில் கரை போய்விட்டது. பயமாக இருந்தாலும், அது அழகாக இருந்ததை மறைக்க எனக்கு உரிமை இல்லை. தண்ணீரும் வானமும் ஒரே நிறம். பாய் ஈரத்தில் கனத்துச் சொட்டியது. படகின் மூக்கு மட்டும் தெரிந்தது, அதற்கு முன்னால் ஒரு சாண் தண்ணீர். எங்கேயோ ஒரு நீர்க்காகம் சிறகடித்தது, பார்க்க முடியவில்லை. கரையோரக் கோயிலில் மார்கழிக்காகப் போட்டிருந்த பாட்டு மட்டும் வந்துகொண்டிருந்தது. "அந்தப் பாட்டு உன் எடது காதுல கேக்கற மாதிரியே வெச்சுக்க. அதுதான் கரை" என்று மகளுக்குச் சொன்னார். அவள் முகத்தைச் சற்றே சாய்த்து, காதைக் கொடுத்து ஓட்டினாள்.

செப்பனிட்ட பிறகு படகைத் தண்ணீரில் ஊறவைக்கவே இல்லை. ஊறினால்தான் பலகை பருத்து இடுக்கு அடையும், முதல் நாள் கொஞ்சம் கசியும் என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். தண்ணீர் இறைக்க ஒரு டின்னும் வைத்திருந்தார். ஆனால் அடியில் தண்ணீரே இல்லை. என் காலுக்குக் கீழே பலகை ஈரமாக மட்டும் இருந்தது.

"பாத்தியா? சொட்டுத் தண்ணி உள்ள வரல. அப்பனும் பொண்ணும் செஞ்ச வேல" என்றார்.

எனக்கும் பெருமையாக இருந்தது. மூட்டைகள் ஈரத்தை உறிஞ்சிக்கொள்கின்றன, என் மண்ணும் ஒரு வேலை செய்கிறது என்றுகூட நினைத்தேன். ஆமாம், நினைத்தேன். மண் தண்ணீர் குடிக்கிறது என்பது தெரிந்தது. குடித்த பிறகு என்ன ஆகும் என்று பிழைப்பாகவே தெரிந்தவள், அதை நினைக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தது தார்ப்பாயின் ஓரத்தை. மழைத்தண்ணீர் மேலே தேங்கும்போதெல்லாம் அதைத் தட்டி வெளியே ஊற்றிக்கொண்டிருந்தேன்.

பிறகு பாட்டு நின்றுவிட்டது. கரண்டு போயிருக்கும், அல்லது பூசை முடிந்திருக்கும். அந்தச் சத்தம் இல்லாமல் போனதும் அவர் பக்கம் திரும்பினேன்.

"திருப்புங்க. போதும், கரைக்குப் போயிடலாம்."

"இரு, காத்து மாறுது. செத்த நேரம் நேராப் போயிட்டு, தோதுப்பட்டப்ப திருப்பலாம்."

"எனக்கு வேணாம். இப்பவே திருப்புங்க. அம்மாடி, நீ திருப்புடி!"

மகள் அப்பாவைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். என் முகம் எப்படி இருந்ததோ, சுக்கானைத் தள்ளினாள். அந்த நேரம் பார்த்து வாடைக்காற்று மழையோடு வந்தது. பனி கலையவே இல்லை, மொத்தமாக நகர்ந்தது. பாய் அடித்துக்கொண்டு அந்தப் பக்கம் போயிற்று, படகு சாய்ந்தது. சாய்ந்தால் அடிப்பாரம் அதைத் திரும்ப நிமிர்த்தும், அதற்குத்தான் அது. நிமிரவில்லை. என் முழங்காலுக்கு அருகே இருந்த மூட்டை, படுத்துக் கிடக்கும் என்று நான் சத்தியம் செய்த மூட்டை, சாக்குக்குள்ளேயே குழைந்து நழுவியது. அதன் அடியிலிருந்து வெள்ளையாக ஸ்லிப் கிளம்பி, நான் தினமும் அச்சில் ஊற்றுகிற அதே பதத்தில், பலகைமேல் வழுக்கிக்கொண்டு சாய்ந்த பக்கத்துக்கே ஓடியது. எல்லா மூட்டைகளும் ஒரே பக்கம். அந்த ஒரு நொடியில் எனக்கு முழுவதும் புரிந்துவிட்டது. வாயைத் திறந்தேன். வந்த வார்த்தை, "சிலிக்கேட்டு."

"மூட்டையத் தூக்கி வெளிய போடு!" என்று கத்தினார். ஒரு மூட்டையைப் பிடித்தேன். சாக்கு கையோடு வந்தது, மண் வரவில்லை. மகள் எழுந்து எதிர்ப்பக்கம் போக நினைத்தாள். ஸ்லிப்பில் கால் வைத்தாள், வழுக்கி விழுந்தாள். தண்ணீர் ஓரத்தைத் தாண்டி உள்ளே வந்தது.

நான் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பாய்மரம் தண்ணீரில் படுத்திருந்தது, பாய் கோரைப்பாய் விரித்த மாதிரியே தண்ணீர்மேல் கிடந்தது. சுற்றிலும் ஏரி பால் மாதிரி வெளுத்திருந்தது. என் கணவரின் தலை தெரிந்தது. மகளின் தலை தெரியவில்லை. பிறகு பாயின் நடுவில் ஒரு இடம் மேலெழும்பியது. கீழேயிருந்து ஒரு தலை முட்டுகிற மாதிரி.

அடுத்ததுதான் நான் யாரிடமும் சொல்லாதது. பாயின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்து என் பக்கம் இழுத்தேன். தூக்குவதாகத்தான் நினைத்தேன். ஈரக் கித்தான் இறுகித் தட்டையாயிற்று. எழும்பிய இடம் அமுங்கியது. "உடு! துணிய உடுடி!" என்று அவர் கத்துவது கேட்டது. கேட்டும் என் கை விடவில்லை. விட்டால் அவள் போய்விடுவாள் என்று என் கை நினைத்தது. அவர் நீந்தி வந்து என் மணிக்கட்டில் ஓங்கி அடித்தார். இன்னொரு அடி. அப்போதுதான் விட்டேன். அவர் பாயை மடித்துப் புரட்டிவிட்டு, அடியில் கையை விட்டு அவளை வெளியே இழுத்தார்.

அவள் முகம், முடி, இமை எல்லாம் வெள்ளை. கண் மூடியிருந்தது. அச்சைத் திறந்ததும் எடுத்துப் பலகையில் வைப்போமே, சூளைக்குப் போகாத பொம்மை, அப்படி இருந்தாள். பிறகு இருமினாள்.

மூன்று பேரும் கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு மிதந்தோம். மண் எல்லாம் போய்விட்டதால் படகு நன்றாக மிதந்தது. என் கணவர் கூப்பாடு போட்டார். பனிக்குள்ளிருந்து ஒரு குரல் பதில் சொன்னது. மீன்பிடிக்க வந்தவர், லாரி டியூப்பில் உட்கார்ந்திருந்தார் என்று பிறகுதான் தெரிந்தது.

"எங்க கெடக்கறீங்க? ஒண்ணும் தெரியல! நிறுத்தாம பேசிக்கினே இருங்க, சத்தத்த வெச்சு வரேன்!"

என் கணவருக்கு மூச்சு வாங்கியது. மகள் பல்லைக் கிட்டித்துக்கொண்டு நடுங்கினாள். "அம்மா, நீ பேசும்மா. எப்பவும் பேசுவியே, இப்பப் பேசு" என்றாள்.

என்ன பேசுவது? "ஸ்வெட்டர் போட்டுக்கன்னு சொன்னேனா இல்லியா? எங்க அது? லாரியிலயே வெச்சுட்டியா? ஈரத் தலையோட இருந்தா சளி புடிக்கும். போன வருஷம் புடிச்சது தைப்பூசம் வரைக்கும் உடல. சொன்னாக் கேக்கறதில்ல, யாரு சொன்னாலும் கேக்கறதில்ல..." நிறுத்தாமல் திட்டினேன். அழுதுகொண்டே திட்டினேன். அந்தத் திட்டைப் பிடித்துக்கொண்டுதான் அந்த மனிதர் வந்து சேர்ந்தார். வந்ததும், "ஏம்மா, ஏரியவே எழுப்பிட்டீங்களே" என்றார்.

அடுத்த வாரம் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து என் அண்ணன் வந்தார். உட்காரும்போதே ஆரம்பித்தார். "மாப்ள, கடலுக்காரருக்குப் பொண்ணக் குடுக்கறமேன்னு அப்பவே எங்கப்பா ரோசன பண்ணாரு. கடலு இல்லாத ஊருக்கு வந்தும் தண்ணியத் தேடிக்கினு போயிருக்கறீங்களே."

"பாயி கட்டுனது நான்தான் மச்சான். தப்புதான்" என்றார் என் கணவர்.

நான் சமையல்கட்டு வாசலில் நின்றிருந்தேன். வாய் வரை வந்துவிட்டது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "மச்சானுக்கு டீ கொண்டா" என்றார். நான் உள்ளே போய் டீ போட்டேன். அவ்வளவு எளிதாகப் போய்விட்டேன். அண்ணன் சாப்பிட்டுக் கிளம்பும்போது பஸ் ஸ்டாண்டு வரை கூடவே போய், மூட்டை போடச் சொன்னது நான், திருப்பச் சொன்னதும் நான் என்று சொன்னேன். அண்ணன் சிரித்தார். "புருஷன உட்டுக்குடுக்காம பேசற, நல்லதுதான். மண்ணு எங்கனா தோணியக் கவுக்குமா?" என்றார். பாயைப் பிடித்து இழுத்ததைச் சொல்ல வாய் வரவில்லை. பஸ் வந்துவிட்டது.

வீட்டில் இரண்டு பேரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மணிக்கட்டில் கன்றிப்போயிருந்த இடத்தில் என் கணவர் தினமும் எண்ணெய் தடவிவிட்டார். "வலிக்குதா?" என்பார். அடித்ததற்கு அவர் வருத்தப்பட்டார்! மகள் அவளுக்கு நினைவிருப்பதைச் சொன்னாள்: இருட்டாக இருந்தது, துணியை முட்டினேன், முதலில் இடம் கொடுத்தது, பிறகு ஏனோ இறுகிவிட்டது, அப்பா வந்துவிட்டார். "ஏனோ" என்றுதான் சொன்னாள். அவளுக்குத் தெரியாதா, தெரிந்தே சொல்லவில்லையா என்று இன்று வரை எனக்குத் தெரியாது. கேட்கவும் மாட்டேன்.

ஷெட்டில் அச்சைத் திறக்கிற வேலையை வேறொரு பெண்ணிடம் கொடுத்துவிட்டேன். எனக்குப் பயம் குறைந்திருக்க வேண்டும். என் பயம்தான் அவளை அமுக்கியது என்று இவ்வளவு தெளிவாகத் தெரிந்த பிறகு. குறையவில்லை. கூடியது. அவள் மாடிப்படி இறங்கினால் படிகளை எண்ணினேன். சினேகிதி வீட்டுக்குப் போனால் பின்னாலேயே ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு போனேன். படகைத் திட்டக்குடியிலேயே ஒருவருக்குக் கொடுத்துவிட்டதாக என் கணவர் சொன்னார். நிம்மதியாக இருந்தது. சாயங்காலங்களில் மகள் முன்போலவே ஷெட்டு வாசலில் வந்து உட்கார்ந்து பேசினாள். ஆனால் பேச்சில் எதுவுமே நடக்காத நாட்களாக வர ஆரம்பித்தன. "எல்லாம் எப்பவும் போலதான்மா." நான் அதை அமைதி என்று எடுத்துக்கொண்டேன்.

போன கார்த்திகையில் ஒரு நாள், சர்டிபிகேட்டு விஷயமாகக் கடலூர் போய்விட்டு வருகிறோம் என்று அப்பாவும் மகளும் விடியும்போதே கிளம்பினார்கள். அன்று முழுக்கத் தூறல். திரும்பி வந்தபோது நனைந்திருந்தார்கள். அவளை உட்காரவைத்துத் தலை துவட்டினேன்.

"வேல முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதும்மா. ஒரே கூட்டம். கிளர்க்கு டீ குடிக்கப் போனவரு வரவே இல்ல. அப்பறம் பியூன் பாவம் பாத்து வாங்கிக் குடுத்தாரு."

"பஸ்ஸு?"

"வரப்ப உக்கார எடம் கெடச்சுது."

ஒரு தடங்கல் இல்லை. என் மகள் இவ்வளவு நன்றாகப் பொய் சொல்வாள் என்று எனக்குத் தெரியாது. ஏனென்றால் அவள் முடியில் பாசி நாற்றம் அடித்தது. குனிந்து முகர்ந்து பார்த்தேன். சந்தேகமே இல்லை, ஏரித் தண்ணீர். அவள் உள்ளங்கையில் கயிறு உரசிய செம்மை. என் கை நின்றுவிட்டது. அவள் முதுகும் அசையாமல் நின்றது. அந்தப் பக்கம் என் கணவர் சட்டையைக் கழற்றியவர் கழற்றியபடி நின்றார்.

இது முதல் தடவை இல்லை என்று அவர் நின்ற விதத்திலேயே தெரிந்தது. எதுவும் நடக்காத நாட்கள் எல்லாம் நடந்த நாட்கள். பனியில் அவள் தலை தெரியாமல் போன அந்தக் கொஞ்ச நேரத்தைவிட இது எனக்கு மோசமாக இருந்தது. அன்று அவள் எங்கேயோ பக்கத்தில் இருந்தாள், தெரியவில்லை, அவ்வளவுதான். இன்று என் கையில் அவள் தலை இருக்கிறது, அவள் இல்லை. அன்று துணியை இழுத்த கை இதையும் செய்திருக்கிறது. கத்தலாம். கத்தினால் அடுத்த முறை தலையை நன்றாக அலசிவிட்டு வருவாள்.

துண்டை மறுபடி நகர்த்தினேன்.

"காத்து எப்படி இருந்துச்சு?" என்றேன்.

ஓட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"எங்கம்மா?" என்றாள் கடைசியில், சின்னக் குரலில்.

"நீங்க போன எடத்துல."

அவள் திரும்பவில்லை. "நல்லா இருந்துச்சும்மா" என்றாள். "காலையில பனி. அப்பறம் தூறல்ல கலைஞ்சு போச்சு. நான்தான் ஓட்டுனேன், போவ வர ரெண்டும். மதகுப் பக்கம் திருப்பறப்ப ஒரு..." நிறுத்திவிட்டாள். "வேணாம். நீ பயப்படுவ."

"பயப்படத்தான் செய்வேன்" என்றேன். "சொல்லு."

அவள் சொல்லத் தொடங்கினாள். முதலில் வார்த்தைகளைப் பார்த்துப் பார்த்து எடுத்தாள், பிறகு கையையும் ஆட்டிக்கொண்டு. திருப்பும்போது படகு எவ்வளவு சாய்ந்தது என்று உள்ளங்கையைச் சாய்த்துக் காட்டினாள். அந்தக் கையைப் பிடித்து நிமிர்த்திவிட வேண்டும் போல இருந்தது. துண்டைப் பிடித்துக்கொண்டேன். எவ்வளவு சொன்னாள், எவ்வளவு மிச்சம் வைத்தாள் என்று எனக்குத் தெரியாது. தலை எப்போதோ காய்ந்துவிட்டிருந்தது. அவள் பேசி முடிக்கும் வரை நான் துவட்டிக்கொண்டே இருந்தேன்.